செபஸ்தியாருக்குக் கிடைத்த வண்டி

விஸ்டின் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. செபஸ்தியார் திருவிழா ஊர்வலத்தில் அந்தப் புனிதரின் சிலையான சுரூபத்தின் முன்வலது மூலைக்குத் தோள் கொடுப்பவன் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

உலகப்போர் நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டின் வசந்தத்தில் மால்டா தீவின் மேல் குண்டு விழாத நாளே இல்லை. கப்பல் வரவில்லை; ரொட்டி பாதியாகி, பாதியும் கால் ஆனது. ஆங்கிலேய கவர்னர் மட்டும் தெருமுனை ஒலிபெருக்கியில் தளரவேயில்லை. கடவுளின் கை இந்தத் தீவின் மேல் இருக்கிறது என்றார். வேறு சபைக்காரர்தான், ஆனாலும் முழங்காலில் நின்று ஜெபிக்கிற தளபதி என்று விஸ்டின் உருகிப்போனான். தீவைக் காக்க இருந்த பீரங்கிகளை எண்ணிப் பார்க்கும் சிரமம் அவனுக்கு மிச்சம்.

மனைவி ஃபிலுமினாவின் தம்பி கிரெட்சு, அக்காவை அழைத்துப்போக டிங்லி கிராமத்திலிருந்து கழுதை வண்டியோடு வந்தான். அதே காலையில் பங்குச்சாமியார் சுரூபத்தைப் பத்திரமான ஊருக்கு அனுப்ப வண்டி தேடிக்கொண்டிருந்தார். வேறு வண்டி கிடையாது.

"மச்சான், அக்கா ஏறட்டும். சாமிக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"என் தோள்ல வந்தவருடா அவரு! குண்டுக்கு விட்டுட்டு வரவா? உங்கக்காவுக்குக் கடவுள் இருக்காரு, கவர்னரே சொல்றாரு."

ஃபிலுமினா மூட்டையைக் கட்டியபடியே கேட்டாள்: "கடவுள் காப்பாத்துவாருன்னா செபஸ்தியார மட்டும் ஏங்க ஊரவிட்டு அனுப்புறீங்க? அவரு கவர்னர் பேச்சக் கேக்கலையா?"

தெருவே சிரித்தது. விஸ்டினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் மூட்டையை இறக்கிவிட்டுச் செபஸ்தியாருக்கு வைக்கோல் மெத்தை போட்டான். அவரை டிங்லி கோயிலில் இறக்கிவிட்டு வண்டி நாளைக்கு வந்துவிடும் என்றான்.

வண்டி சொன்னபடி மறுநாள் வந்தது. அதற்குள் குண்டு வந்துவிட்டது. சரிந்த சுவர் ஃபிலுமினாவின் இரண்டு கால்களையும் நசுக்கியிருந்தது. அதே வைக்கோலில் அவளைக் கிடத்தி டிங்லிக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு கவர்னரை மாற்றினார்கள். கோடையில் கப்பலும் வந்தது. விஸ்டினை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் நடந்து டிங்லிக்குப் போவான். 'அன்னிக்கே உன்ன ஏத்தியிருக்கணும்' என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்ப்பான். கட்டிலருகே போனதும் ரேஷன் ரொட்டியைப் பற்றிப் பேசுவான்.

ஒரு ஞாயிறு அவளே சொன்னாள்: "வந்தது வந்தீங்க, கோயில்ல அவரையும் பாத்துட்டுப் போங்க. சௌக்கியமா இருக்காரு. ஒரு கீறல் இல்ல."

விஸ்டின் போகவில்லை. அவளைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் ஆகியிருந்தது. மெதுவாகத் திருப்பினான். வலித்திருக்கும், அவள் சொல்லவில்லை.