ஐந்நூறு குதிரையும் ஒரு பொனியும்

சண்முகலிங்கம் மாமாவை டென்மார்க்கில் ஒருவருக்கும் தெரியாது. பிரெடெரிசியா துறைமுகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கையை விரிப்பார்கள். "பொனி எங்கே?" என்று கேட்டால் காவலாளி முதல் கிரேன்காரர் வரை வழி காட்டுவார்கள்.

காரணம் சின்னது. இங்கே வந்து இறங்கிய புதிதில் மாமா ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதிக் கொடுத்தார். டேனிஷ்காரருக்கு முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். அன்றிலிருந்து அவர் பொன்னுத்துரை. லொறிக் கொம்பனியில் அதுவும் நீளம் என்று பொனி ஆக்கிவிட்டார்கள். டேனிஷில் பொனி என்றால் மட்டக்குதிரை. மாமாவின் உயரத்தைப் பார்த்த யாருக்கும் பெயரில் சந்தேகம் வரவில்லை.

உண்மையான பொன்னுத்துரை, மாமாவின் தகப்பன், யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் இருந்தவர். லொறிச் சத்தம் கேட்டாலே யன்னலைச் சாத்துவார். மகன் லொறி ஓட்டுவதை, "போக்குவரத்துப் பகுதியிலை இருக்கிறான்" என்றே கடைசிவரை ஊரில் சொல்லிவந்தார்.

போன இலையுதிர் காலத்தில் கொம்பனி ஒரு செய்தி சொன்னது. புது வருடம் முதல் துறைமுகத்திலிருந்து ஓகூஸ் நகருக்குப் போகும் ஓட்டத்தைச் சொந்தக் கணக்கில் லொறி நடத்துபவருக்கே கொடுப்பார்களாம். மாமாவுக்கு முதல் உரிமை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். சொந்தமாக லொறி நடத்துவதற்கான பரீட்சையை மாமா எப்போதோ பாஸ் பண்ணி, அந்தத் தாளைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருந்தார். லொறிதான் இல்லை. பார்த்துக்கொண்டேயிருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கூட இவ்வளவு குற்றம் கண்டுபிடிக்கமாட்டார் என்பது ஞானேஸ்வரி மாமியின் அபிப்பிராயம்.

இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு இருந்தன. ஒன்று, லீசிங்கில் புத்தம்புது லொறி. மாதக் கட்டுக்காசு அதிகம். லொறி லீசிங்காரருடையது என்பதால் பழுதென்றால் அவர்களே பார்ப்பார்கள். மற்றது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கூட்டாளி றொபேட் சில்க்போர்க்கில் வீட்டின் பின்பக்கம் நிறுத்தியிருந்த பழைய லொறி. ஐந்நூறு குதிரைவலு எஞ்சின் நல்லது. கபின் முழுக்கத் துருப்பிடித்துக் கறள். கறளை வெட்டி, புதுத் தகடு அடித்து, பிரேக்கைக் கழற்றிப் பூட்டினால் அரைவாசிக் காசோடு முடியலாம். முடியாமலும் போகலாம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஓகூஸில் பொருளியல் படித்துப் பட்டம் வாங்கி, அதை வைத்து என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் படித்தவளுக்கு லொறியும் தெரியும் என்று மாமா நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வரவில்லை. மடிக்கணினியோடு போய் அவர்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன்.

"பிள்ளை, சுத்தி வளைக்காமல் சொல்லு. எது?"

"டீசல் விலை ஏறினால் புதுசு நல்லம், மாமா. வட்டி ஏறினால் பழசு."

"ரண்டும் ஏறினால்?"

"அப்ப... பொறுத்துத்தான் பாக்கவேணும்."

மாமா மாமியிடம் திரும்பினார். "கேட்டீரோ? மழையும் பெய்யலாமாம், வெயிலும் எறிக்கலாமாம். இதுக்கு அஞ்சு வருசம் படிச்சவள்."

முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்த மாமி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "நாள் முழுக்க அங்கை பழசுகளைத்தான் தூக்கி இருத்திறன். வீட்டையும் ஒரு பழசு இருக்கு. மூண்டாவது எனக்கு வேண்டாம். புதுசை எடுங்கோ."

அத்தோடு புதுசு என்றே முடிவாயிற்று. வியாழக்கிழமை லீசிங் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. அன்று பின்னேரமே றொபேட்டும் ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். இங்கே சொந்த லொறிக்காரர்கள் முன்கண்ணாடிக்கு மேலே மாட்டும் வெளிச்சப் பலகை. கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்து செய்வித்திருந்தார்கள். சிவப்பு எழுத்தில் PONY. பக்கத்தில் ஒரு குதிரை, கால் கொஞ்சம் கட்டை.

"எந்த லொறியை எடுத்தாலும் இதைப் பூட்டு," என்றார் றொபேட் டேனிஷில். கையோடு கொண்டுவந்த பற்றரியில் கொழுவினார். குசினி முழுக்கச் சிவந்தது. மாமா கண்ணைத் துடைத்துவிட்டு, வெளிச்சம் கூடிப்போச்சு என்றார்.

ஏதாவது பிரயோசனமாக இருக்கவேண்டுமே என்று நான் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன்.

"மாமா, கூரையிலை துளை போடக்கூடாதாம்."

"ஒட்டலாமோ?"

"ஒட்டவும் கூடாதாம்."

மாமா பலகையைப் பார்த்தார். ஒப்பந்தத்தைப் பார்த்தார். கடைசியில் மாமியைப் பார்த்தார்.

மாமி றொபேட்டிடம் கேட்டார்: "உன்னுடைய லொறி எப்போதாவது உன்னை நடுவழியில் விட்டதா?"

"ஒரு தரம். டீசல் அடிக்க மறந்துபோனேன்."

மாமி கொஞ்ச நேரம் அந்தக் கட்டைக்கால் குதிரையைப் பார்த்தார். "உங்களைப் பெத்த ஐயாவின்ர பேரைத் தலையிலை வைக்கக்கூடாதெண்டு சொல்லுற லொறி எங்களுக்கு என்னத்துக்கு?"

"இது ஐயாவின்ர பேரில்லையப்பா. குதிரை."

"பாதி வந்திருக்குத்தானே. மிச்சத்துக்குக் கூரையிலை இடமில்லை." பிறகு என்னிடம் திரும்பினார். "பிள்ளை, உன்ர கணக்கிலை பலகைக்கு ஏதும் இடம் விட்டனியோ?"

விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமா கொம்பனிக்குப் போய்ப் பதில் சொன்னார். றொபேட்டின் பழசை வாங்கி, அவரோடு சேர்ந்து கபினை வெட்டி ஒட்டினார். நான் கணக்குப் போட்டதைவிடச் செலவு கூடித்தான் போனது. அதற்காகப் பேச்சு வாங்கினேன். றொபேட்டை யாரும் ஏசவில்லை.

புது வருடம் பிறந்து முதல் ஓட்டத்துக்குப் போகும் வழியில் மாமா லொறியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த இருண்ட காலையில் கூரையில் பொனி சிவப்பாக எரிந்தது. மாமி தோளில் சால்வையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"லொறிச் சத்தத்துக்கு யன்னலைச் சாத்தின மனிசன். இப்ப பார் பிள்ளை, அதின்ர நெத்தியிலை ஏறி இருக்கிறார்."

மாமா சந்தோசத்தில் ஹோர்னை நீட்டி அடித்தார். பக்கத்து வீட்டில் யாரோ யன்னலைச் சாத்தினார்கள்.