தெற்கே தலை வைத்த வரைபடம்

கோவில்பட்டி வட்டாரத்தில் என்னைப் போல் பழைய மேப் சேர்த்தவன் கிடையாது, நூறு இருக்கும். பொய். ஏழுதான். அதில் ஒன்று பஸ் ரூட் படம், அதுவும் பாதி கிழிந்தது.

எல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்தவை. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இது எதற்கு என்று கடைக்காரரே கேட்டார். எனக்கு முழங்கால் போய்விட்டது. கரிசலில் மழை பெய்தால் செருப்போடு பாதிக் காடும் ஒட்டிக்கொண்டு வரும். வெயில் அடித்தால் வெடிப்பில் கால் மாட்டும். படத்தில் விரலால் நடந்தால் வலி கிடையாது. எங்கள் ஊர்ப் படத்தில் கண்மாய்க் கரையைச் சீப்புப் பல் மாதிரி வரைந்திருக்கிறான் ஒரு மகராசன். கிணறெல்லாம் கடுகளவு வட்டம். என் புஞ்சைக்குப் போகும் வண்டிப்பாதை புள்ளிக்கோடு. ஒரு இடத்தில் லேசாக வளையும். நேரிலும் அப்படியே வளைகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

அந்தப் பாதையைத்தான் பக்கத்துப் புஞ்சைக்காரர் ஆவணியில் தன் நிலத்தோடு சேர்த்து உழுதுவிட்டார். வண்டி போகாவிட்டால் உரமூட்டையை நான் தலையில் சுமக்க வேண்டும். இந்த முழங்காலோடு அது நடக்காது, புஞ்சை தரிசுதான். அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தில் பாதையின் மேல் விரலை வைத்தேன்.

அவர் படித்தவர். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க வெரல வச்சிருக்கது சுடுகாட்டுப் பாத. அங்கன நாலு பேரு தூக்கிட்டுப் போவாவ. ஒங்களுக்கு வண்டி எதுக்கு?"

படம் தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். மேப்புக்கு மேல்பக்கம் வடக்கு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்; ஊரையே வடக்கே தலை வைத்து மாட்ட மனசு வரவில்லை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ், எப்படித் திருப்பினாலும் எனக்கு ஒன்றுதான். ஆக, இரண்டு வருஷமாக விரலால் நான் சந்தோஷமாகப் போய்வந்தது சுடுகாட்டுக்கு.

திருப்பி மாட்டியதும் நிஜப் பாதை கிழக்கே இருந்தது, இரண்டு புஞ்சைக்கும் நடுவில். ஆனால் அவர் அதற்குள் டீக்கடை வரை சொல்லிச் சிரித்தாகிவிட்டது. இனி நான் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். சர்வேயர் வந்து அளக்க வேண்டும். மூன்று தடவை வருகிறேன் என்று வரவில்லை. இன்றைக்கு வருகிறாராம். காலையிலிருந்து காத்திருந்து அலுத்துப்போய், நேரம் போக இதை எழுதுகிறேன்.

அந்தப் பஸ் ரூட் படம் கிழிந்த கதை இதைவிடக் கேவலம். நாகலாபுரம் பஸ்ஸில் ஒரு நாள் ஏறி, கண்டக்டரிடமே அந்தப் படத்தை விரித்து...

"ஏங்க, சர்வேயர் வந்து ஓடக்கரையில நிக்காவ." வீட்டுக்காரி வாசலிலிருந்து கூப்பிடுகிறாள். "படத்த எடுத்துட்டு வாங்க. தல எந்தப் பக்கம்னு இங்கனயே பாத்துக்கிடுங்க, அங்கன வந்து முழிக்காதீங்க."

போக வேண்டும். முதலில் இந்த முழங்காலை நிமிர்த்த வேண்டும்.