குளவி போகாத அத்திப்பழம்

ஜேர்மனியில் காய்ந்த அத்திப்பழம் வாங்கப் போய்ப் பேச்சு வாங்கிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். துருக்கிக் கடைக்காரரிடம், "இதற்குள் குளவி போயிருக்குமா?" என்று என் அரைகுறை டொச் மொழியில் கேட்டேன். மனிதர் முகம் சிவந்து, ஒரு பொதியைக் கிழித்து, பழத்தைப் பிளந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். "இந்த வருடத்துப் பழம். என் கடையில் பூச்சி கிடையாது." நான் குறை சொல்லவில்லை, எங்கள் ஊரான உடுப்பிட்டியில் விரதம் இருக்கப்போகும் என் அக்காவுக்காகக் கேட்கிறேன் என்பதை எந்த டொச்சில் விளங்கப்படுத்துவது? மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா சுத்த சைவம். நான் ஊருக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, கொண்டுபோகும் எதையும் அவள் வாயில் வைத்ததில்லை. சொக்லேட்டில் முட்டை இருக்கலாம், பிஸ்கற்றில் மாட்டுக்கொழுப்பு இருக்கலாம் என்று எல்லாம் அயலுக்குப் போய்விடும். வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் எனக்கு அது சுடும். போன வருடம் கந்தசஷ்டிக்கு அத்திப்பழம் கொண்டுபோனேன். வெயிலில் காய்ந்த பழம், வேறொன்றும் சேராதது. ஆறு நாளும் மாலையில் பாலும் பழமும் மட்டும் எடுப்பவள், முதல் நாளே இரண்டு சாப்பிட்டாள். "நல்லாயிருக்குத் தம்பி, விதை நறுக்நறுக்கெண்டு கடிபடுது."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். படித்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் செமிக்காது. இது இஸ்மிர் பக்கத்து வெள்ளை இனம், காட்டு அத்தியின் மகரந்தத்தோடு ஒரு சின்னக் குளவி உள்ளே போனால்தான் பழுக்கும், அந்தக் குளவி அதற்குள்ளேயே செத்துவிடும் என்று விளக்கினேன். அக்கா கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்துத் தலை முழுகினாள்.

"அது கரைஞ்சிடும் அக்கா, ஒண்டும் மிஞ்சாது."

"கரைஞ்சால் உயிர் இல்லையெண்டு ஆயிடுமோ?"

மிச்ச ஐந்து நாளும் வெறும் தண்ணீரோடு இருந்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த முறை, அந்தத் துருக்கிக் கடையை விட்டு இன்னொரு கடையில் கறுப்பு அத்தி கிடைத்தது. ஸ்பானியப் பாதிரிமார் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்த் தங்கள் கோயில் வளவுகளில் நட்ட இனம். குளவி இல்லாமலே பழுக்கும். பழம் சின்னன், இனிப்புக் கூட. விரதத்தின் முதல் நாள் மாலை பொதியை அக்காவின் முன்னால் வைத்தேன்.

"உதுக்குள்ளையும் பூச்சி போறதோ?"

"இல்லை அக்கா. இது தன்ரை பாட்டிலை பழுக்கும்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துப் பாதி கடித்து மெதுவாக மென்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கேட்டாள்.

"அந்த வெள்ளைக்குள்ளை போற பூச்சி ஏன் வெளியிலை வாறேல்லை?"

"வாசல் சின்னன். உள்ளுக்குப் போகேக்கையே செட்டை முறிஞ்சிடும்."

மற்றப் பாதியை அவள் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஏழாம் நாள் விரதம் முடிக்கிற பாறணைக்கு நிப்பியோ, தம்பி?"

நான் திரும்பிப் போகும் ரிக்கற் ஆறாம் நாளுக்கு இருந்தது.

இப்போது இங்கே ஜேர்மனியில் வெள்ளை அத்தியைச் சாப்பிடும்போதெல்லாம் முதலில் பிளந்து பார்க்கிறேன். விதைகள் மட்டும்தான் தெரிகின்றன.