செல்லையா வீழ்த்தாத விமானம்

ஆலங்குடியில் மருந்துக் கடை வாசலில் நின்றபோது செல்லையாவின் மகன் முருகேசன் அழைத்தான். "சார், அப்பா போயிட்டாங்க." மாத்திரையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்த ஆண்டு இப்படி வந்தது எத்தனையாவது அழைப்பு என்று எண்ணவும் சலிப்பாக இருந்தது.

உங்களில் பலருக்கு அவரை, நான் ஆசிரியராக இருந்த பள்ளியின் ஆய்வக உதவியாளராகத் தெரியும். அதற்கு முன் கடற்படையில் இருந்தார். போர்க்கப்பலிலிருந்து விமானங்களைத் தாக்கும் ஏவுகணைகளைப் பராமரிப்பது அவர் வேலை.

ஒரு குடியரசு நாளில் அவரை மேடையேற்றி, "எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவர்" என்று அறிமுகம் செய்தேன். யாரையும் கேட்காமல் நானாகச் சேர்த்த வரி. செல்லையா மைக்கை வாங்கினார். "சார் பாசத்துல சொல்லிட்டாங்க. நான் ஒரு விமானத்தையும் விழுத்தலை. பயிற்சியில விட்டதுல ஒண்ணு கடல்லதான் விழுந்துச்சு." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னங்க செல்லையா, என் மானத்தை வாங்கத்தான் மேடைக்கு வந்தீங்களா?" என்றேன் டீக்கடையில்.

"ஒங்க மானத்தை விடுங்க சார். கப்பல்ல நிக்கிறவன் உசுரு என்னாகுறது?" என்று சொல்லத் தொடங்கினார்.

அவர் காலத்து ஏவுகணைக்குச் சொந்தக் கண் இல்லை. கப்பலின் ரேடார் விமானத்தின் மீது அலையைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். பட்டுத் திரும்புவதைப் பிடித்துக்கொண்டு ஏவுகணை போகும். இருட்டறையில் நீங்கள் டார்ச் அடிக்கும் வரைதான் அடுத்தவருக்குப் பல்லி தெரியும் அல்லவா, அப்படி. நாலு பக்கமிருந்தும் நாலு விமானம் வந்தால் எதன் மீது பாய்ச்சுவது என்று திண்டாட்டம்தான். கடலை ஒட்டித் தாழப் பறந்து வரும் விமானம், முக்கு திரும்பிய பஸ்ஸைப் போல, கிட்டே வந்த பிறகே தெரியும். இப்போதைய ஏவுகணைகள் பல செங்குத்தாகக் கிளம்பி எந்தப் பக்கமும் திரும்புகின்றன. இலக்கை நெருங்கியதும் சொந்த ரேடாராலேயே தேடிக்கொள்கின்றன. "அதுவும் படும்னு சத்தியம் பண்ண முடியாது சார்" என்பார்.

அந்தப் பயிற்சியில் ஏவுகணை ஆளில்லா இலக்கைத் தாண்டிக் கடலில் விழுந்தது. பட்டதாகவே எழுதிவிடச் சொன்னார் மேலதிகாரி, கிட்டத்தில்தானே போனது என்று. செல்லையா "படவில்லை" என்று எழுதினார். அதனால் மிச்சமிருந்த ஏவுகணைகளைத் திறந்து பார்த்தார்கள். உப்புக்காற்றில் இணைப்புகள் அரித்திருந்தன. அவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. "பட்டுச்சுன்னு எழுதியிருந்தா, நெசமா ஒருத்தன் வர்றப்பதான் சார் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

வல்லத்திராக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனபோது அஞ்சலி பிளெக்ஸ் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் மைத்துனர், "வாசகம் சரியா பாருங்க வாத்தியாரே" என்று போனை நீட்டினார். நீல வானத்தில் பறக்கும் ஏவுகணை, எரியும் விமானம், கீழே 'எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவர்'. நான் சொன்ன பொய்யை ஊர் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தது.

"இதை எடுத்துருங்க. நான் தப்பாச் சொன்னது."

"எடுத்துட்டா? லேப்ல குழாய் கழுவுனாருன்னு போடவா? சாவு வீட்டுல மச்சானைக் கொறைச்சுப் பேசாதீங்க." பந்தலில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாதாடத் தெம்பில்லை. ஆனாலும் நகரவில்லை.

முருகேசன் எழுந்து வந்தான். "எடுத்துருங்க மாமா. இல்லாட்டி அப்பாவே எந்திரிச்சு வந்து கிழிச்சுருவாங்க." அழுதுகொண்டிருந்த செல்லையாவின் மனைவி அதற்குச் சிரித்துவிட்டார்.

மாலையில் பிளெக்ஸ் வந்தது. செல்லையாவின் முகம், பெயர், 'கடற்படையிலும் பள்ளியிலும் பணியாற்றியவர்'. விமானம் எரிந்துகொண்டிருந்த இடத்தில் வெறும் வானம். அதைப் படமெடுத்து என் போனில் வைத்திருக்கிறேன்.