வெறும் வண்டியைத் தள்ளக்கூடாது

எங்கள் பெண்ணுக்கு ஒன்பது மாதம் நடந்தபோது, இடுப்பில் வைத்தால் ஐந்து நிமிடம் தாங்காது, அப்படிக் கனத்தாள். பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளுகிற ஸ்ட்ரோலர் வண்டி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், ஒரு சனிக்கிழமை காலையில் வேலைக்குப் போகாமல் தானாகவே வந்து, கிளம்பு, கடைக்குப் போகலாம் என்றார். அப்போதே எனக்கு உறுத்தியது. என் வீட்டுக்காரர் தானாக ஒரு காரியத்தைத் தொடங்குகிற ஆளே இல்லை.

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. லவுத்தோக்காவில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீடு பூட்டிக் கிடந்தது. திரையைக் கழற்றிய ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்ச்சுவர் தெரியும். நாட்டை விட்டுப் போனவர்கள் நாயைக் கொண்டுபோக முடியுமா? அதுகள் பூட்டிய வாசலிலேயே படுத்துக் கிடக்கும். நான் சோறு வைத்தால் வந்து தின்றுவிட்டு, மறுபடியும் அந்த வாசலுக்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த நாய்களின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

கடை ஒரு குஜராத்திக்காரருடையது. இரண்டே இரண்டு வண்டி இருந்தது. ஒன்று நல்ல தாட்டியானது, பெரிய ரப்பர் சக்கரம், வெயில் படாத அளவுக்குக் கூரை. இன்னொன்று நாலு அலுமினியக் குழாய், நடுவில் ஒரு துணி, பிஸ்கட் அளவுக்குச் சக்கரம். எனக்குப் பெரிய வண்டிதான் வேண்டும். எங்கள் தெரு சரளைக்கல் தெரு. பஸ்ஸுக்குப் போகக் கரும்பு ரயில் தண்டவாளத்தைத் தாண்டவேண்டும். அந்தப் பிஸ்கட் சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பெரிய வண்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சின்னதை ஒரு கையால் மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கித் தோளில் மாட்டிப் பார்த்தார். எத்தனை கிலோ என்று கேட்டார். பெண்ணை என் இடுப்பில் விட்டுவிட்டு, வெறும் வண்டியைக் கடைக்குள் அங்கும் இங்கும் தள்ளிப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று என் அம்மா வீட்டில் தொட்டிலைத் தொடக்கூட விடமாட்டார்கள். தொட்டில் என்ன, வண்டி என்ன? ஓடிப்போய்ப் பிடுங்கி, அலமாரியில் இருந்த கோதுமை மாவுப் பொட்டலம் ஒன்றை எடுத்து உட்கார வைத்து, "இப்பத் தள்ளுங்க" என்றேன். அவரும் நானும் பேசுவது ஃபிஜி ஹிந்திதான். கோபம் வந்தால் மட்டும் எனக்கு அம்மா வீட்டுத் தமிழ் வந்துவிடும். இன்றைக்கும் ஆக்லாந்துக் கடைகளில் யாராவது வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறேன்.

மாவு சவாரி போவதைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். இப்போது எல்லோரும் இந்தச் சின்ன வண்டியைத்தான் எடுக்கிறார்கள், விமானத்தின் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம், அப்புறம் மடக்கிக் கொடுத்துவிடலாம் என்று எனக்குச் சமாதானமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்தச் சின்ன வண்டியோடு வீட்டுக்கு வந்ததும் அலமாரித் துணிக்கு அடியிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தார். நியூசிலாந்துக்கு மனு. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பெண் பிறக்கும் வரை நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த மாதிரிக் காகிதம் எத்தனையோ அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரியக்கூடாதென்று இவர் வேறு யாரிடமோ கொடுத்து அடித்து வாங்கியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. பிள்ளைகள் எத்தனை என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது.

எங்களுக்கு மூத்தவன் ஒருவன் உண்டு. டவுனுக்கு வெளியே சவேனியில், இவருடைய அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த கரும்புத் தோட்டத்து வீட்டில் நாங்கள் இருந்தபோது பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் இவரும் அண்ணனும் அவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெண்பிள்ளைகள் கூடப் போவதும் இல்லை. தோட்டத்து மூலையில் மாமரத்துப் பக்கம் என்று சொன்னார்கள். பால் கட்டிக்கொண்டு நான் உள்ளே படுத்திருந்தேன். நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம், அண்ணன் கனடா போய்விட்டார், தோட்டம் வேறு கைக்குப் போயிற்று. அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. இவர் அவனைப் பற்றிப் பேசியதும் இல்லை. எங்கேயாவது குழந்தை அழும் சத்தம் கேட்டால் எனக்கு முதலில் அவன் ஞாபகம்தான் வரும். அப்புறம்தான் இடுப்பில் இருக்கிறவள்.

"ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க."

"உசிரோட இருக்கறதத்தான கேக்கறாங்க."

"எனக்கு அந்த எடத்தக் காட்டுங்க. அப்பறம் கையெழுத்துப் போடறேன். காட்டாட்டி நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பார்க்கலாம் என்றார். கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக்கூடாது, டாக்சி ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது என்று ராணுவம் சட்டம் போட்டிருந்த காலம் அது. மற்ற ஆறு நாளும் அவருக்கு வேலை. நடந்தே போவோம், கால் எதற்கு இருக்கிறது என்றேன்.

விடிந்ததும் கிளம்பினோம். பெண்ணை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு மாவுப் பொட்டலம் ஒன்றும் வைக்கவில்லை. வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் போனேன், அவர் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். நெடுஞ்சாலையில் ஒரு வண்டியும் இல்லை. இரண்டு பக்கமும் கரும்பு. அந்தப் பிஸ்கட் சக்கரத்தின் கடகடவென்ற சத்தம் மட்டும் எங்களோடு வந்தது.

பாதி வழியில் சோதனைச் சாவடி. இரண்டு சிப்பாய்கள், ஒருவனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று எங்கள் ஹிந்தியிலேயே கேட்டான். வண்டித் துணியைத் தூக்கி அடியில் பார்த்தான். இவர் தோளில் இருந்த பெண்ணைப் பார்த்தான், வெறும் வண்டியைப் பார்த்தான். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டான்.

நான் இவரைப் பார்த்தேன்.

"இரண்டு," என்றார் இவர். இன்னொன்று எங்கே என்று அவன் கேட்டதற்கு, சவேனியில் இருக்கிறான், பார்க்கத்தான் போகிறோம் என்றார். குரல் உடைந்துவிட்டது. சிப்பாய்க்கு என்ன புரிந்ததோ, சாலையை மறித்திருந்த தடிக் கம்பைத் தானே தூக்கி வழிவிட்டான். என் வீட்டுக்காரர் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

தோட்டத்து மூலைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். மாமரம் இல்லை. அடிக்கட்டை கூட இல்லை. புதிய குத்தகைக்காரர் ரயில் பாதை வரைக்கும் டிராக்டர் விட்டு உழுது போட்டிருந்தார், அடுத்த நடவுக்காக. சிவப்பு மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. இந்த வருடத் தொடக்கத்திலேயே வந்து பார்த்துவிட்டேன், அப்போதே மரம் இல்லை, எந்த இடமென்று எனக்கே தெரியவில்லை, உன்னிடம் எப்படிச் சொல்வது என்றார். பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதார். மனு எழுதியதே அதற்கப்புறம்தான் என்றார்.

நான் அழவில்லை. வண்டியை உழவுக்குள் இறக்கினேன். மரம் நின்றிருக்கும் என்று அவர் கை காட்டிய இடத்திலிருந்து ரயில் பாதை வரைக்கும் தள்ளினேன், திரும்பி வந்தேன், ஒரு அடி தள்ளி மறுபடி போனேன். சக்கரம் புதைந்து புதைந்து நின்றது. தூக்கித் தூக்கி வைத்தேன். பதினோரு நாளில் அவனை எதிலும் வைத்து நான் வெளியே கொண்டுபோனதில்லை. எங்கே இருந்தாலும் ஒரு தடவையாவது அவன் பக்கமாக வண்டி போயிருக்கவேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அந்த மூலை முழுவதும் தள்ளி முடித்தோம்.

வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். வண்டியைக் கழுவவில்லை. கழுவப்போன அவரையும் விடவில்லை. சக்கர இடுக்கில் அந்தச் சிவப்பு மண் காய்ந்து இறுகிப்போயிற்று. மற்றச் சாமான்களையெல்லாம் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டோம், எனக்கு வருத்தமே இல்லை. இது ஒன்று கூட வருகிறதே என்று இருந்தது.

ஆக்லாந்து விமான நிலையத்தில் மண், விதை, செடி ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று இவர் எழுதிக் கொடுத்திருந்தார். கையுறை போட்ட அதிகாரி வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். பண்ணை மண் உள்ளே வரக்கூடாது, கவலைப்படாதீர்கள், நாங்களே சுத்தம் செய்து தருகிறோம் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு ஒரு கதவுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார். கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போய்த் தடுக்கலாமா என்று என் கால் எழுந்தது. என்னவென்று சொல்வேன்?

கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் வாங்கின அன்றைக்கு இருந்ததுபோல இருந்தது. நன்றி சொல்லு என்று இவர் மெல்லச் சொன்னார். சொன்னேன். துணி ஈரமாக இருந்ததால் பெண்ணை அவரே தூக்கிக்கொண்டார். நான் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த ஊருக்குள் போனேன்.