முருகனில் முட்டி நின்ற வெடிப்பு

எங்கள் மோட்டார் ஹோமின் முன்கண்ணாடியில் கல் பட்டது ஒரு சனிக்கிழமை காலை 9.40க்கு, வெளியூர்ப் பாதையில் கோல்பர்ன் என்ற ஊருக்குச் சற்று முன்னால். எதிரே வந்த லொறி கிளப்பிவிட்ட கல். "சிறியது, இடது கீழ் மூலை" என்று அன்றே நாட்குறிப்பில் எழுதினேன். முப்பது வருடமாக எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுகிறவன் நான். பல் பிடுங்கியது, பக்கத்து வீட்டுப் பூனை செத்தது, மனைவி என்னோடு பேசாமல் விட்டது, பிறகு பேசத் தொடங்கியது, எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. அவள் அந்தக் கொப்பிகளை வாசிப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

எங்கள் வாகனம் ஏறக்குறைய ஒரு பஸ் அளவு; உள்ளேயே படுக்கலாம், சமைக்கலாம். அவுஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்க வாங்கினோம். இதுவரை அதிகம் பார்த்தது எங்கள் வீட்டு வாசலைத்தான். ஆனால் இந்த முறை அது கட்டாயம் ஓட வேண்டியிருந்தது. மெல்பேர்ணில், டார்னெய்ட் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் மகளுக்கு முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் மேலதிகமாக இருப்பது ஒரே ஒரு அறை. சம்பந்தியும் அவர் மனைவியும் இரண்டு மாதம் முன்பே வந்து அதைப் பிடித்து, கட்டிலுக்கு அடியில் பெட்டிகளையும் அடுக்கிவிட்டார்கள். மோட்டார் ஹோம் போகாவிட்டால் நாங்கள் வரவேற்பறைச் சோபாவில் சம்பந்தியின் பார்வையில் தூங்கி எழும்ப வேண்டும். சொந்தக் கட்டிலோடும் சொந்தக் குசினியோடும் மகளின் வாசலில் போய் இறங்குவது என் மனைவிக்கு மானப் பிரச்சினை.

திங்கட்கிழமை கல் பட்ட இடத்திலிருந்து வெடிப்பு கிளம்பியது. பதினான்கு சென்ரிமீற்றர். தையல் பெட்டியிலிருந்த நாடாவால் அளந்து, வெடிப்பின் நுனியில் கறுப்புப் பேனாவால் கோடு போட்டுக் கிழமையையும் எழுதினேன். செவ்வாய் இருபத்தொன்று. அது கண்ணாடியின் நடுவை நோக்கிப் போனது. நடுவில் மயிலோடு முருகன் இருந்தார். எங்கள் பக்கத்து மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போன நாளில் மனைவி ஒட்டிய உள்ளங்கை அளவு ஸ்டிக்கர். நான் புதுக் கண்ணாடிக்கு ஓடர் கொடுத்தேன். இவ்வளவு பெரிய கண்ணாடியைக் கடையில் வைத்திருக்க மாட்டார்களாம். வெளியிலிருந்து வரவழைத்து, அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழன் வீட்டுக்கே வந்து மாற்றுவதாகச் சொன்னார்கள்.

அதற்குள் வெடிப்பு ஸ்டிக்கரின் ஓரத்தைத் தொட்டு நின்றுவிட்டது. ஐந்து நாள் அளந்தேன். ஒரு மில்லிமீற்றர் நகரவில்லை. அந்த வாரம் முழுக்க வெயிலே இல்லை, கண்ணாடி சூடேறவில்லை என்பது என் விளக்கம். மனைவியின் விளக்கம் ஒரே சொல்லில் முடிந்தது.

அவள் அதை ஓர் அன்ரியிடம் சொல்லிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். கோயில் விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்கு அவர் வாய்தான் சட்டம். ஞாயிறு காலை வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "ஓம், நிண்டிட்டுது" என்று தீர்ப்பு வழங்கினார். பின்னேரம் வாசலில் நான்கு கார். என் வாகனத்துக்கு முன்னால் சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்கள். ஒருவர் சுற்றிக் கும்பிடலாமா என்று கேட்டார். ஒரு பக்கம் வேலி இருந்ததால் அரைச் சுற்றோடு திருப்திப்பட்டார்.

எல்லோரும் போன பிறகு மனைவி குசினியில் வைத்துச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்தக் கண்ணாடிக்காரனுக்கு வேண்டாமெண்டு சொல்லுங்கோ. கடவுள் நிப்பாட்டினதை நாங்கள் கழட்டி எறியிறதோ?"

"உந்தக் கண்ணாடியோட மெல்பேர்ணுக்கு ஓடேலாது. பொலிஸ் மறிச்சா முருகனோ லைசன்ஸ் காட்டுவார்?"

அவள் சிரிக்கவில்லை. நான் போனோடு கராஜுக்குள் போய், பெயின்ற் வாளிகளைப் பார்த்தபடி நான்கு நிமிடம் நின்றுவிட்டு வந்து, சொல்லியாச்சு என்றேன். நாட்குறிப்பில் "கண்ணாடி கான்சல்" என்றும் எழுதினேன். முப்பது வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது.

செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள் என்று அன்ரி காலையிலேயே கற்பூரத்தோடு வந்தார், பின்னால் ஏழெட்டுப் பேர். அன்று மூன்று பாகை குளிர், கூரையில் உறைபனி. எங்கள் குசினி ஸ்டூலில் ஏறி, கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை உயர்த்தினார். தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். சாமியின் முகம் தெரியவில்லை என்று இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

'டிக்' என்று ஒரு சத்தம். வெடிப்பு மயிலின் கழுத்தை அறுத்து, முருகனின் இடுப்பைத் தாண்டி, சாரதிப் பக்கம் வரை ஓடி முடிந்தது. நேரம் 7.52.

அன்ரி தட்டை இறக்கவில்லை. மூன்று விநாடிதான் யோசித்திருப்பார். "பிள்ளை, உங்களுக்கு வர இருந்ததை முருகன் தான் வாங்கிட்டார்" என்றார். அதுதான் சரி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டு, சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்கள்.

மகளின் பிரசவத் திகதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. நான் போனை எடுத்து, கண்ணாடிக்காரரைக் கெஞ்சிப் பார்க்கிறேன் என்று காதில் வைத்தேன். எந்த எண்ணையும் அழுத்தவில்லை. ஹலோ என்றேன், எதிர்முனை பேசுவதற்காகக் கொஞ்சம் இடைவெளியும் விட்டேன்.

மனைவி வைப்பரில் சிந்தியிருந்த திருநீற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நடிக்காதேங்கோ. வியாழக்கிழமை எத்தினை மணிக்கு வாறாங்கள்?"

நான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"கண்ணாடி கான்சல் எண்டு எழுதினியள். நேரம் போடேல்லை. பூனை செத்ததுக்கே நேரம் போட்ட மனிசன்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"அன்ரி நிண்டிட்டுது எண்டு சொன்னாப்பிறகு நான் எப்பிடிக் கழட்டச் சொல்லுறது?"

வியாழன் 8.15க்கு இரண்டு பேர் வந்தார்கள். கறுப்புக் கோடுகளையும் கிழமைகளையும் பார்த்துவிட்டு, பிள்ளையின் உயரத்தை இதிலா அளந்தீர்கள் என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். பழைய கண்ணாடியை உறிஞ்சு பிடிகளால் தூக்கி லொறியில் வைத்தபோது மனைவி ஓடிப்போய், அவரைத் தலைகீழாக வைக்க வேண்டாம் என்றாள். யாரை என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்கள்.

ஒட்டியது காயும்வரை, அதாவது மறுநாள் காலைவரை, கதவுகளை அடித்துச் சாத்தக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாகனக் கதவை அடிக்காமல் சாத்தும் ஒரு தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பொழுதுபடும்வரை கதிரை போட்டுக் காவல் இருந்தேன்.

சனி மாலை 5.35க்கு டார்னெய்ட் வாசலில் நிறுத்தினோம். சம்பந்தி வெளியே வந்து புதுக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். மனைவி அவரை உள்ளே கூப்பிட்டு, எங்கள் குசினியில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

புதன்கிழமை பேத்தி பிறந்தாள். "பெண் குழந்தை, பின்னேரம் 2.17, தாயும் பிள்ளையும் சுகம்" என்று எழுதிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது மனைவி கட்டிலில் இருந்து அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நேரம் போட்டிருக்கிறியள்" என்றாள். "அப்ப உண்மைதான்."