பசியைக் கேட்டு வாங்கினேன்

ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாமல் கிணற்றடியில் விழுந்தேன். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. முழுக் குடம் கூட இல்லை, அரைக் குடம்தான். அதற்கே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. பக்கத்து வீட்டு சுப்பம்மா ஓடி வந்து குடத்தை வாங்கிக்கொண்டு, "வயசாயிடுச்சு இல்லம்மா, இனிமே இப்படித்தான்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ அந்தத் தண்ணீரை அவள் தலையிலேயே கவிழ்க்கலாம் போல ஆத்திரம் வந்தது.

நம் பஜனை கோஷ்டியின் புரட்டாசி மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அலங்காரமாக எழுத வராது. பெருமாள் எனக்குச் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மறைக்காமல் என்றால் என் வெட்கத்தையும் சேர்த்துத்தான்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரிந்த வருடம், சித்தூரில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்த என் மகன் வரதனுக்குப் புதுத் தலைநகரமான கர்னூலுக்கு மாற்றல் வந்தது. அங்கே ஆபீசுகளே கூடாரத்தில் நடக்கின்றன, குடியிருக்க வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்றார்கள். "வீடு கெடச்சதும் வந்து கூட்டிக்கினு போறேம்மா" என்று சொல்லிவிட்டு, மருமகளையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினான். என் வீட்டுக்காரர் அதற்கு நாலு வருடம் முன்பே காலமாகிவிட்டார். ஆறு பேர் புழங்கிய வீட்டில் நான் ஒருத்தி மிஞ்சினேன்.

மகன் மாதம் தவறாமல் கடிதம் போட்டான். வீடு மட்டும் கிடைத்தபாடில்லை.

நான் அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. காலையில் ஒருத்திக்காக உலை வைப்பேன். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சோற்றை வீணாக்குகிறோமே என்று குற்ற உணர்ச்சி வேறு. அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. நம் வீடுகளில் சனிக்கிழமை ஒருபொழுது இருப்பது வழக்கம்தானே. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுப் பெருமாளை நினைத்திருப்போம். நான் திங்கட்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு வியாழன். பிறகு வெள்ளி. ஒரு வருடத்துக்குள் ஏழு நாளும் ஒருபொழுதுதான். கடைசியில் அந்த ஒரு வேளையும் போய், பாலும் ஒரு வாழைப்பழமும் என்று ஆயிற்று.

ஏன் சாப்பிடவில்லை என்று யாராவது கேட்டால் "ஒருபொழுது" என்பேன். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தெருவில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. "சாமியம்மா" என்றார்கள். நோயாளிக் குழந்தைகளைக் கொண்டுவந்து என் கையால் மஞ்சள் கயிறு கட்டச் சொன்னார்கள். சுப்பம்மா, "நீங்க தேவத மாதிரிம்மா" என்று காலைத் தொட்டாள். அவளும் என்னைப் பார்த்து ஒருபொழுது இருக்கத் தொடங்கினாள். நானும் சும்மா இருந்தேனா? நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோட்டைத் தினமும் கொஞ்சம் நீளமாக இழுத்துக்கொண்டேன். பெருமாள் என்னை மன்னிக்கட்டும்.

உடம்பு மட்டும் பொய் சொல்லவில்லை. மாடிப்படி பார்த்தால் மூச்சு வாங்கியது. கை நடுங்கியது. தூக்கம் போயிற்று. அடுப்பில் வைத்த பாலை மறந்தேன். ஒருநாள் என் சின்னப் பேரனின் பெயர் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன். வைத்தியரிடம் போனால் வயசு என்றார். கண்ணாடியைப் பார்த்தேன், அதில் எழுபது வயதுக் கிழவி இருந்தாள். சரி, இவ்வளவுதான் நம் கணக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். "பெருமாளே, என்னைக் கூப்பிட்டுக்கொள்" என்பதுதான் என் தினப்படிப் பிரார்த்தனை.

அந்தப் புரட்டாசியில்தான் கிணற்றடியில் விழுந்தேன். யாரோ எழுதிப் போட்டு, திருத்தணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் நாத்தனார் கனகா வந்து இறங்கினாள். என் வீட்டுக்காரரின் தங்கை. அவளும் கைம்பெண்தான், என்னைவிட இரண்டு வயது சின்னவள். எனக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது. வாய் அப்படி. வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, வத்தலா காயப் போட்டா மாதிரி இருக்கே" என்றாள்.

"நான் திருப்பதிக்குப் போயி அலிபிரியிலேர்ந்து நடந்து மலையேறப் போறேன். பெருமாள் காலடீல உசிரு போனா போதும்" என்றேன்.

"சாவறதுன்னா இங்கியே சாவலாமே. அம்மாந்தூரம் எதுக்கு?"

அப்படிச் சொன்னவள்தான் மறுநாள் விடியற்காலையில் கட்டுச்சோற்று மூட்டையோடு என் முன்னால் நின்றாள். பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயிலில் போனோம். அலிபிரியில் முதல் படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினேன். எத்தனை படி ஏறினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடிவாரத்துக் கடைகள் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தன. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

கனகா என்ன செய்தாள் தெரியுமா? என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மூட்டையைப் பிரித்து, புளிசோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள். கூச்சமே இல்லாமல், விரலைச் சப்பிச் சப்பி. "கோவிந்தா" என்று ஏறிப்போன சனமெல்லாம் பார்த்துக்கொண்டே போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"விரதம் இருக்கிறவ முன்னாடி இப்படித்தான் துன்னுவியா?"

"நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத அண்ணி" என்றாள். "மேல இருக்கிற பெருமாளு பொங்கலு, புளியோதரை, தயிர்சாதம், வடைன்னு வேளாவேளைக்குத் துன்னுக்கினு இருக்காரு. அவரு ஒருநாளும் பட்டினி கெடந்ததில்ல. உன்ன யாரு கெடக்கச் சொன்னது?"

சாமியைப் போய்த் துன்றார் என்கிறாளே என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவள் விடவில்லை. குரலை மட்டும் இறக்கினாள்.

"இது விரதமில்ல. வரதன் போனதிலேர்ந்து உன் எதுத்தாப்ல தட்டு போட்டு உக்கார ஆளில்ல. அதான் எறங்கல. எனக்குத் தெரியாதா? எங்க வூட்டுக்காரரு போனப்போ நானும் இப்படித்தான் கெடந்தேன். கேக்கறதுக்குத்தான் யாரும் வரல. நீ கூட வரல."

உண்மைதான். நான் போகவில்லை. இரண்டு வருடமாக வராத அழுகை அந்தப் படியில் வந்தது. வாய்விட்டு, ஊர் பார்க்க அழுதேன். மகனைப் பிரிந்ததைச் சொல்லி அழுதேன், பக்தி என்று ஊரை ஏமாற்றியதைச் சொல்லி அழுதேன். சாமியம்மா என்று காலைத் தொட்டவர்களை நினைத்து அழுதேன். கனகா எச்சில் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்த பிறகு மலையை நோக்கிக் கைகூப்பி, பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டேன். "பெருமாளே, எனக்குப் பசியைக் கொடு. மகனைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. பசித்தால் உயிரோடு இருக்கிறேன்."

உடனே பசித்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பசிக்கவில்லை. கனகா ஊட்டிய ஒரு வாய்ப் புளிசோறு குமட்டிக்கொண்டு வந்தது. தரிசனமும் இல்லாமல் படியிறங்கி ஊர் திரும்பினோம்.

ஆனால் நான் கேட்டுவிட்டேன். கேட்டதை வாங்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் பிறந்தது. மறுநாளே கனகா என்னை ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "வீட்ல யாரு இருக்காங்க? யார்கூட பேசுவீங்க?" என்று கேட்டார். இதுவரை எந்த வைத்தியரும் கேட்காத கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன். "இது வயசு இல்லம்மா. மனசு படுத்துக்கிச்சு, உடம்பும் கூடவே படுத்துக்கிச்சு. ரெண்டையும் சேத்துத்தான் எழுப்பணும்" என்றார். ரத்தம் ஊற ஊசி போட்டார். மூன்று வேளை சாப்பாடு, தெருக்கோடி வரை நடை, தினமும் யாரோடாவது பேச்சு. இதுதான் அவர் எழுதிக் கொடுத்த மருந்து. பெருமாளைக் கும்பிடுகிறவர்கள் டாக்டரிடம் போகலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்த அம்மாளை அவர்தான் அங்கே உட்கார வைத்திருந்தார்.

மூன்று வேளை சாப்பாடு என்பது சொல்லச் சுலபம். நாலாவது கவளத்தில் தொண்டை மூடிக்கொள்ளும். யோசித்தேன். எனக்காக என்றால்தானே இறங்கவில்லை? பெருமாளுக்கு என்றால்? காலையும் மதியமும் மாலையும் சின்னக் கிண்ணத்தில் சோறு வடித்து, படத்தின் முன்னால் வைத்து, மணியடித்து நைவேத்தியம் செய்தேன். நைவேத்தியம் செய்ததை வீணாக்க முடியுமா? வேண்டாம் என்று தள்ள முடியுமா? பிரசாதமாயிற்றே. எந்தப் பக்தியைச் சொல்லிச் சாப்பாட்டை ஒதுக்கினேனோ அதே பக்தியைப் பிடித்துக்கொண்டு உண்டேன். முதல் வாரம் கிண்ணத்தை முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். கண்ணில் நீர் வழியும். கனகா எதிரில் உட்கார்ந்து தன் தட்டைக் காலி செய்துவிட்டுக் காத்திருப்பாள். "மெதுவா துன்னு. எனக்கு இன்னா, ரயிலா போவுது?" என்பாள்.

இரண்டு நாளில் ஊருக்குப் போகிறேன் என்று வந்தவள் அவள். தை பிறந்த பிறகுதான் போனாள். ஊரில் தன் மருமகளோடு சண்டை, அதனால்தான் இருக்கிறேன் என்று சாக்குச் சொன்னாள். மாலையில் தெருக்கோடிக்கு நடப்போம். அவள் தன் கணவரைப் பற்றிப் பேசுவாள். நான் வரதனைப் பற்றிப் பேசுவேன். பேசப் பேசத் தூக்கம் வந்தது. கை நடுக்கம் குறைந்தது. கிண்ணம் போய்த் தட்டு வந்தது. ஆனால் பசி மட்டும் வரவில்லை. ஒவ்வொரு மணியடிக்கும்போதும் கேட்டேன். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. நான் விடவில்லை.

மார்கழி முதல் வாரம் அது. விடியற்காலையில் குளித்துவிட்டு நைவேத்தியத்துக்குப் பொங்கல் வைத்தேன். மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்தன. அடிவயிற்றில் ஏதோ இழுத்தது. வலியோ என்று பயந்தேன். வாயில் எச்சில் ஊறியது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கே தெரியாது. கரண்டியால் அள்ளி, ஊதக்கூட பொறுமையில்லாமல், சுடச்சுட வாயில் போட்டுக்கொண்டு நின்றேன். மூன்றாவது கரண்டியில் கனகா வந்து பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ அண்ணி! சாமிக்கு இன்னும் வைக்கலியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பசித்திருக்கிறது. நாக்கு வெந்துபோய், கையில் கரண்டியோடு, "கோவிந்தா, கோவிந்தா" என்று அடுப்பங்கரையில் கத்தினேன். கனகாவும் கத்தினாள். நைவேத்தியத்துக்கு முன் உண்ட பாவம் என்னைச் சேருமா என்று பிறகு ஒரு பெரியவரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

உடம்பு தேறுவதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று பாக்கியிருந்தது. கயிறு கட்டிக்கொள்ள வந்த பெண்களை உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். "நான் இருந்தது விரதமில்லை. துக்கம்." இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். சாமியம்மா பட்டம் அன்றோடு போயிற்று. எல்லோரும் போன பிறகும் சுப்பம்மா மட்டும் எழவில்லை. முந்தின வருடம் மகளைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள் அவள். என்னைப் பார்த்து ஒருபொழுது இருந்து அவளும் பாதியாகியிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டே, "உங்க வீட்ல நைவேத்தியம் எத்தன மணிக்கும்மா?" என்று கேட்டாள். அன்று மதியத்திலிருந்து அவளுக்கும் ஒரு தட்டு வைத்தேன்.

அடுத்த புரட்டாசியில் நானும் கனகாவும் மலையேறினோம். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம், ஆனால் முழுக்க ஏறினோம். சன்னதியில் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தலைநகரம் ஐதராபாத்துக்குப் போய், வரதன் இன்னும் தூரமாகப் போய்விட்டான். வருடம் ஒருமுறை வருகிறான். எல்லை பிரித்ததில் கனகாவின் ஊர் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போய்விட்டது. "வேற ராஜ்ஜியத்துக்காரி வந்துட்டா, எல போடு" என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். எனக்கு இப்போது அறுபத்தொன்று. முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. இது நிஜமான வயசு, இதோடு எனக்குச் சண்டையில்லை. முழுக் குடத்தை நானே தூக்குகிறேன்.

அன்பர்களே, பெருமாளிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். தூக்கம் கேளுங்கள், பசி கேளுங்கள், பேச ஒரு ஆள் கேளுங்கள். இதெல்லாம் அவரிடம் போய்க் கேட்பதா என்று நினைக்காதீர்கள். கேட்டுவிட்டு, அவர் தரும்வரை உங்கள் பங்கைச் செய்துகொண்டிருங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வயதானவர் யாராவது விரதம் என்று சொல்லிச் சோற்றை ஒதுக்கினால், அவர் காலில் விழாதீர்கள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.